கல் பாவிய சாலையில் டூர் டி பிரான்ஸ்: அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் கல் பாவிய சாலைகள் வரும் நாட்களில் யார் யார் கவிழ்ந்தார்கள் என்று பழைய ஆண்டுகளைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். 2004-ல் இபான் மாயோ விழுந்தது முதல் கல் பகுதி தொடங்குவதற்குச் சற்று முன்னால். அதில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் போயிற்று. 2014-ல் நடப்பு சாம்பியன் கிறிஸ் ஃப்ரூம் ஒரே நாளில் இரண்டு முறை விழுந்து, ஒரு கல்லின் மீதுகூடச் சக்கரம் படாமலே போட்டியை விட்டு விலகினார். 2018-ல் ரிச்சி போர்ட் காறை எலும்பு முறிந்து வெளியேறியது புறப்பட்டுப் பத்து கிலோமீட்டர் வாக்கில். 2022-ல் பிரிமோஷ் ரோக்லிச்சின் தோள்மூட்டு நழுவியதற்குக் காரணம் சாலைக்குள் வந்து கிடந்த ஒரு வைக்கோல் கட்டு. நான்கு பேருமே பட்டம் வெல்லக்கூடியவர்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள். நான்கு பேரையும் கவிழ்த்தது கல் அல்ல, தார் ரோடு.

கல் நாளைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும் இது அடிக்கடி விட்டுப்போகிறது. கவனம் எல்லாம் கல்லின் மீதே இருக்கிறது.

இந்தச் சாலைகள் பெரும்பாலும் பிரான்ஸின் வடக்கு மூலையில், பெல்ஜிய எல்லையை ஒட்டி இருக்கின்றன. வயல்களுக்கு நடுவே போகும் பழைய பண்ணைப் பாதைகள் அவை. ஏப்ரலில் நடக்கும் பாரிஸ்–ரூபே ஒருநாள் போட்டியின் உயிரே இந்தப் பாதைகள்தான். அவற்றைப் பழுது பார்த்துக் காப்பதற்கென்றே தன்னார்வலர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் இவற்றில் சிலவற்றைக் கடன் வாங்கிக்கொள்ளும். 2010, 2014, 2015, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் நடந்தது அதுதான். மூன்று வாரம், 21 ஸ்டேஜ்கள் (நாளுக்கு ஒன்றாக ஓட்டும் கட்டங்கள்), எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து வெற்றியாளரை முடிவு செய்யும் போட்டிக்கு நடுவே இப்படி ஒரு நாள் வந்து விழுகிறது. மலையேற்றத்துக்காக உடம்பை அறுபது சொச்சம் கிலோவுக்குக் குறைத்து வைத்திருப்பவர்கள், கல்லில் குலுங்கியபடி எண்பது கிலோ ஆட்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

கல் வருமுன் வரும் ஆபத்து

முதல் தவறு, கல் பகுதியின் தொடக்கத்தில்தான் சண்டை ஆரம்பிக்கிறது என்று திட்டம் போடுவது. உண்மையில் அங்கே சண்டை முடிந்திருக்கும்.

இரண்டு வழிச் சாலையில் 170 பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் சில கிலோமீட்டரில் திருப்பம். அதற்குப் பிறகு ஒரு டிராக்டர் போகிற அகலம்தான். ஒவ்வொரு அணியின் காரிலிருந்தும் ரேடியோவில் ஒரே சொல் வருகிறது: முன்னால் போ. முதல் இருபது இடங்களுக்கு நூற்றைம்பது பேர் அடித்துக்கொள்கிறார்கள். வேகம் ஸ்பிரிண்ட் முடிவின் வேகத்துக்குப் போய்விடும். அந்தப் பக்கத்து ஊர்களில் ரவுண்டானாவும் நடுத்திட்டும் வேகத்தடையும் ஏராளம். ஒருவர் தோள் இன்னொருவர் மீது பட்டால் போதும், பின்னால் வருகிற நாற்பது பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் முண்டியடித்து முன்னேற முயல்வதுதான் இங்கே மிகவும் விலை கொடுக்க வைக்கும் பழக்கம். அனுபவமுள்ள அணிகள் பதினைந்து, இருபது கிலோமீட்டர் முன்பே இரண்டு பெரிய உடம்புக்காரர்களை முன்னால் நிறுத்தி, அவர்களுக்குப் பின்னால் தலைவரை, அதாவது அணி யாருடைய வெற்றிக்காக உழைக்கிறதோ அந்த வீரரை, வைத்துவிடும். காற்றில் கூடுதல் நேரம் மிதிக்க வேண்டியிருப்பதால் அந்த இரண்டு பேரும் சீக்கிரம் ஓய்ந்துபோவார்கள். பரவாயில்லை, அந்த நாளில் அவர்களுக்கு அதுதான் வேலை. அவர்களைக் கடைசி கல் பகுதிவரை பத்திரமாகச் சேமித்து வைக்கலாம் என்று கணக்குப் போடும் அணி இயக்குநர், முதல் கல் பகுதியிலேயே தலைவரை எழுபதாவது இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

எழுபதாவது இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2010 காட்டியது. ஆரென்பெர்க்கில் முடிந்த மூன்றாவது ஸ்டேஜில், ஒரு கல் பகுதியில் ஃபிராங்க் ஷ்லெக் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். பாதை அடைபட்டது. பின்னால் வந்தவர்கள் தாங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே நேரத்தை இழந்தார்கள். அவருடைய தம்பி ஆண்டி ஷ்லெக், கல் ரோட்டில் கெட்டிக்காரரான சக வீரர் ஃபேபியன் கான்செல்லாராவின் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் இருந்தார். மலை ஏறுவதற்காகவே பிறந்த, கொடி போன்ற உடம்புக்காரர் ஆண்டி. அன்று ஆல்பர்ட்டோ கொண்டடோரைவிட 1 நிமிடம் 13 நொடி முன்னால் முடித்தார். கல்லில் அவர் கொண்டடோரைவிடத் திறமைசாலி என்று நான் நினைக்கவில்லை. சரியான ஆளுக்குப் பின்னால், சரியான நேரத்தில் இருந்தார். அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒரு கல் பகுதி முடிந்து அடுத்தது வருமுன் வரும் தார் ரோட்டில் உடம்பும் மனசும் தானாகத் தளரும். தண்ணீர் குடிக்கத் தோன்றும், பின்னால் யார் விட்டுப்போனார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். ரோக்லிச் விழுந்தது அப்படி ஒரு இடைவெளியில்தான். அவருக்கு அது வெறும் துரதிர்ஷ்டம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்தின் எந்த இடத்தில் இருந்தால் வைக்கோல் கட்டு முன்கூட்டியே கண்ணில் படும் என்பது துரதிர்ஷ்டம் சார்ந்த விஷயம் அல்ல.

டயரும் காற்றும்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சாதாரண நாட்களில் 23 மில்லிமீட்டர் டயரில் 7, 8 பார் (காற்றழுத்த அளவு) காற்றடித்து ஓட்டினார்கள். இன்று கல் நாளில் 30, 32 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரும் 4 பார் வாக்கில் காற்றும் சாதாரணம். காற்று அதிகமாக இருந்தால் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளிய நேரத்தில் பிடிமானமும் இல்லை, பிரேக்கும் இல்லை. மிதித்த பலம் முன்னால் தள்ளுவதற்குப் பதிலாக ஆளைத் தூக்கித் தூக்கிப் போடுவதில் வீணாகும். காற்று குறைந்தாலோ, கல்லின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கி பஞ்சர் ஆகும், இல்லாவிட்டால் ரிம்மே உடையும்.

இதில் நடக்கும் தவறு, கல் போட்டிகளில் பெயர் எடுத்த சக வீரர் என்ன அளவு வைக்கிறாரோ அதையே மலையேற்றக்காரருக்கும் வைப்பது. இருவருக்கும் இருபது கிலோ வித்தியாசம் இருக்கலாம். எண்பது கிலோ ஆளுக்குப் பொருந்தும் காற்று, அறுபது கிலோ ஆளுக்குக் கல்லைவிடக் கெட்டியாக இருக்கும். மழை வந்தால் இன்னும் குறைக்க வேண்டும். அப்புறம், நாள் முழுக்கக் கல்லிலேயே ஓட்டுவதும் இல்லை. 2022-ல் லில்லிலிருந்து ஆரென்பெர்க் வரை போன ஸ்டேஜில், 150-க்கும் சற்றுக் கூடுதலான கிலோமீட்டரில் கல் இருந்தது சுமார் 20 கிலோமீட்டர்தான். மீதமெல்லாம் தார் ரோடு. இதை முதல் நாள் ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. மாதங்களுக்கு முன்பே அதே பாதையில், அதே சக்கரத்தோடு வந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கல்லின் மீது செய்யக்கூடாதவை பெரும்பாலும் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்தவைதான். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினால் குலுக்கல் முழுவதும் கையில் ஏறி, உள்ளங்கை கொப்பளித்து, அரை மணியில் பிரேக் லிவரை அழுத்தவே வலுவிருக்காது. பிரேக்கைக் கல்லில் நுழையுமுன்பே பிடித்துவிட வேண்டும். பெரிய கியரில், நடுவில் மேடாக இருக்கும் முதுகின் மீது, வேகத்தைக் குறைக்காமல் போக வேண்டும். வேகம் இறங்கினால் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் முழுசாக இறங்கி ஏறும். ஓரத்து மண் தடம் வழவழப்பாகத் தெரிந்து கூப்பிடும். ஆனால் உடைந்த கல்லும் கூரான சில்லும் ஒதுங்கிக் கிடப்பது அங்கேதான். காய்ந்த நாளில், முன்னால் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அங்கே இறங்கலாம். இருபது பேருக்குப் பின்னால் புழுதியில் வரும்போது வேண்டாம்.

சைக்கிள் மாற்றும் நேரம்

என்னைக் கேட்டால், அணிகள் மிகக் குறைவாக ஒத்திகை பார்ப்பது இதைத்தான். குறுகிய கல் பாதையில் கூட்டம் நீளமாக இழுபட்டுவிடும். அணியின் கார் பல நிமிடம் பின்னால் மாட்டிக்கொள்ளும். தலைவரின் சைக்கிள் பழுதானால் கைக்கெட்டும் உதவி, பக்கத்தில் வரும் சக வீரரின் சைக்கிள் மட்டுமே.

2022-ன் அதே ஸ்டேஜில், முடிவதற்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்போது ரோக்லிச்சின் அணியைச் சேர்ந்த யோனாஸ் விங்கெகார்டின் சைக்கிள் பழுதானது. நின்றார். பக்கத்தில் இருந்தவர் சக வீரர் நேதன் வான் ஹூய்டொங்க், ஆறடிக்கும் நன்றாக மேலே உயரமான பெல்ஜியக்காரர். அவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு ஏறப் பார்த்தார் விங்கெகார்ட். சீட் எட்டவே இல்லை. ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் பெடலிலும் வைத்துத் தடுமாறி, இறங்கி, மறுபடி சைக்கிள் மாற்றி, அப்புறம்தான் கிளம்ப முடிந்தது. அந்தக் குழப்பத்தை நேரலையில் உலகமே பார்த்தது. மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் இருந்த சக வீரர் வௌட் வான் ஆர்ட் பின்தங்கி வந்து, அவரை இழுத்துக்கொண்டு துரத்தியதால்தான், பட்டத்துக்கான போட்டியாளர் ததேய் பொகாச்சரிடம் இழந்த நேரம் 13 நொடியோடு நின்றது. அத்தனைக்கும் வான் ஆர்ட் அன்று தானும் விழுந்து எழுந்தவர்.

2015-ல் கதை நேர்மாறாகப் போனது. முதல் மூன்று நாளும் மஞ்சள் ஜெர்சியை நூலிழையில் தவறவிட்ட டோனி மார்ட்டின், நான்காம் நாள் காலை ஃப்ரூமைவிட ஒரே ஒரு நொடி பின்தங்கி இருந்தார். கம்ப்ரேயில் முடிந்த அன்றைய கல் ஸ்டேஜில் அவருக்குப் பஞ்சர் ஆனது. சக வீரர் மத்தேயோ டிரென்டினின் சைக்கிளை வாங்கி ஓட்டி, கூட்டத்தைப் பிடித்து, கடைசி மூன்று கிலோமீட்டர் வாக்கில் தனியாகப் பாய்ந்து, அந்தச் சைக்கிளிலேயே ஜெயித்து மஞ்சள் ஜெர்சியையும் வாங்கினார்.

ஆகவே கல் நாளுக்கு ஆள் வரிசை முடிவு செய்யும்போது, தலைவர் பக்கத்தில் யார் பலசாலி என்பதோடு யாருடைய சைக்கிளில் தலைவர் ஏற முடியும் என்றும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ அதே உயரம், அதே வகைப் பெடல், சீட் உயரத்தில் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லாத ஒருவர், முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை தலைவரை விட்டு நகரவே கூடாது. அவரைத் தண்ணீர் எடுக்கக்கூட அனுப்பக் கூடாது. கல் பகுதிகள் முடியும் இடங்களில் மாற்றுச் சக்கரத்தோடு ஆட்களை நிறுத்துவதும் இதே கணக்குதான்.

மலைக்காரர் தோற்பார் என்று எழுதிவைப்பது

2014-ல் மழை. ஏற்பாட்டாளர்கள் இரண்டு கல் பகுதிகளை நீக்கிய பிறகும் ஏழு மிஞ்சின. அன்று ஸ்டேஜை வென்றவர் லார்ஸ் போம், கல் ரோட்டுக்குப் பழகிய டச்சுக்காரர். அவருக்கு 19 நொடி பின்னால் மூன்றாவதாக வந்தவர் சிசிலித் தீவின் வின்சென்சோ நிபாலி, மலையில் ஜெயிப்பவர். இறக்கத்தில் சைக்கிளைக் கையாளும் திறமையும், ஈரத்தில் பதறாத மனமும் அவருக்குக் கல்லில் அப்படியே கைகொடுத்தன. கொண்டடோர் அவரைவிட இரண்டரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கினார். எடையும் பலமும் ஒரு பாதிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான நாள் வேறில்லை. மறுபக்கம் கெரைன்ட் தாமஸ். 2018-ல் டூரை வென்ற அவர், 2004-ல் ஜூனியர் பாரிஸ்–ரூபேயை வென்றவர். தலைவருக்குக் கல் வராது என்று முடிவுகட்டி அவரைக் காப்பாற்றுவதிலேயே நாளைக் கழிக்கும் அணி, எதிராளி தடுமாறும் நேரத்தில் முன்னால் பாய ஆளில்லாமல் நிற்கும்.

அதே சமயம் ரூபே போட்டியைப் போல எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. ரூபே முடிந்தவர் மறுநாள் படுத்துக் கிடக்கலாம். 2018-ல் ரூபேயில் முடிந்த ஸ்டேஜுக்கு அடுத்த நாள் ஓய்வு நாளாக அமைந்தது. 2022-ல் அப்படி இல்லை. மறுநாளே பின்ஷிலிருந்து லோங்வி வரை 219.9 கிலோமீட்டர், அந்த ஆண்டின் மிக நீளமான ஸ்டேஜ். கொப்பளித்த கையோடும் வலிக்கும் முதுகோடும் போய் மிதிக்க வேண்டியிருந்தது. அதை ஜெயித்து மஞ்சள் ஜெர்சி போட்டவர் பொகாச்சர்.

கடைசியாக, கல்லில் நேரம் போனவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும் தவறு. ரோக்லிச் விழுந்தபோது ஒரு பார்வையாளரின் நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தானே இடத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, பொகாச்சரைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி முடித்தார். பட்டத்துக்கான வாய்ப்பு அத்தோடு போயிற்று. ஆனால் ஆறு ஸ்டேஜ் கழித்து, கலிபியே மலைப்பகுதியில் அவரும் விங்கெகார்டும் மாறி மாறிப் பாய்ந்து பொகாச்சரை ஓய்வெடுக்க விடாமல் அடித்தார்கள். அன்று மாலை கிரானோன் ஏற்றத்தில் பொகாச்சர் உடைந்தார், விங்கெகார்ட் மஞ்சள் ஜெர்சியை எடுத்து பாரிஸ் வரை விடவே இல்லை. ரோக்லிச் 14-வது ஸ்டேஜுக்குப் பிறகு விலகிக்கொண்டார்.