பியூரடான் குருணை: வாங்குமுன்னும் கையில் எடுத்த பின்னும்

வாழையில் நூற்புழு, கிழங்கு வண்டு என்றதும் பலரும் கேட்பது பியூரடான், அதாவது கார்போபியூரான் குருணை. இது கார்பமேட் வகை நஞ்சு. எலியின் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 8 மில்லிகிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. இந்தியாவில் 2023 ஆணைக்குப் பிறகு 3 சதவீத உறைக் குருணைக்கு (நஞ்சு உறைக்குள் அடைக்கப்பட்ட குருணை) மட்டும்தான் அனுமதி. அதுவும் லேபிளில் உள்ள பயிர்களுக்கு மட்டும். நல்ல தோட்டத்துக் கன்று, சீவிய கிழங்கு, வேப்பம்புண்ணாக்கு, ஊடுபயிராகச் செண்டுமல்லி இவற்றால் சமாளிக்க முடிந்தால் குருணையைத் தொடவே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வாங்கியே ஆகவேண்டுமென்றால் பில்லுடன், சீல் உடையாத பையாக வாங்குங்கள். பொட்டலமாகப் பிரித்துத் தந்தால் மறுத்துவிடுங்கள். அதில் லேபிள் இருக்காது.

ஒரு கிலோ குருணையில் 30 கிராம் நஞ்சு இருக்கிறது. கைப்பிடிக் கணக்கு போடாமல், லேபிள் சொல்லும் அளவை ஒருமுறை எடைபோட்டு, ஒரு மூடியில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அந்த மூடி வேறெதற்கும் கூடாது. துணிக் கையுறை வியர்வையில் நனைந்து நஞ்சைத் தோலுக்குள் ஏற்றும்; ரப்பர் கையுறைதான் சரி. வேலை முடிந்து சோப்பு போட்டுக் கழுவும்வரை வெற்றிலை, பீடி, தண்ணீர் எதுவும் வாய்க்குப் போகக்கூடாது.

நடக்கும் தவறுகளில் மோசமானது, குருணையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளிப்பது. மூச்சிலும் தோலிலும் நஞ்சு படாமல் இருக்கத்தானே குருணையாகச் செய்கிறார்கள்! கரைத்துத் தெளித்தால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும்.

இட்ட உடனே மண்ணால் மூடுங்கள், சிந்தியதைப் பொறுக்கிப் புதையுங்கள். பறவைக்கு அது தானியம் மாதிரித் தெரியும். சிறு பறவை சாக ஒரே குருணை போதும். அமெரிக்கா 1991-லேயே குருணைப் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியது இதனால்தான்.

எச்சில் ஊறுதல், வியர்த்துக் கொட்டுதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், தசை துடித்தல் தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். உடையைக் களைந்து, உடம்பைச் சோப்பால் கழுவி, இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். உப்புத்தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; அது நுரையீரலுக்குள் போய்விடும். மாற்று மருந்து அட்ரோபின், மருத்துவமனையில்தான் போடுவார்கள். கார்பமேட், நரம்புகள் ஒழுங்காக வேலை செய்யத் தேவையான ஒரு நொதியைப் பிடித்துக்கொள்ளும்; பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக விட்டுவிடும். அதுவரை மூச்சு நிற்காமல் காக்க வேண்டும். இன்னொரு வகைப் பூச்சிமருந்தான ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு அப்படி விடாது, அதற்குச் சிகிச்சையும் வேறுபடும். எனவே பையை லேபிளோடு கையோடு எடுத்துப் போங்கள்.