பழைய சொகுசுக் கார் வாங்குகிறீர்களா? பட்டறைச் செலவை ஏற்றிவிடும் தவறுகள்

நாற்பது, ஐம்பது லட்சத்துக்கு ஷோரூமை விட்டு வந்த பி.எம்.டபிள்யூ 3 சீரீஸ், பென்ஸ் சி கிளாஸ், ஆடி ஏ4 எல்லாம் ஏழெட்டு வருடம் கழித்து ஒரு புது கிரெட்டாவின் விலைக்குக் கிடைக்கின்றன. மதுரையில் காளவாசலிலிருந்து ரிங் ரோடு வரை எந்த புரோக்கரிடம் கேட்டாலும் இரண்டு மூன்று வண்டி காட்டுவார். இறங்கியது கார் விலை மட்டும்தான். அதன் ஹெட்லைட், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் எல்லாம் இன்னும் ஐம்பது லட்ச ரூபாய்க் காரின் பாகங்கள்தான். யூரோ ஏற ஏற அவற்றின் விலையும் ஏறுகிறது.

அதனால் முதல் தவறு, கையில் இருக்கும் பணம் மொத்தத்தையும் காருக்கே கொடுத்துவிடுவது. இருபது லட்சம் இருந்தால் பதினாறுக்குள் கார் பாருங்கள். மிச்சத்தை முதல் வருடத்துக்கு ஒதுக்கிவையுங்கள். வாங்கிய கையோடு என்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், எல்லா ஃபில்டரும் மாற்ற வேண்டியிருக்கும். டயர் ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் அதுவும் சேரும். பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. பல பி.எம்.டபிள்யூ மாடல்களில் பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர் இருக்கும், ஸ்டெப்னியே இருக்காது. அந்த டயர் நான்கு மாற்றினால் பில் லட்சத்தை ஒட்டி வந்துவிடும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் புதுக் கார்களின் ஜி.எஸ்.டி. மாறியதில் புது வண்டி விலை இறங்கியது. அதற்கு முந்தைய கணக்கை வைத்து யாராவது விலை சொன்னால், இன்றைய ஷோரூம் விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பேட்ஜைப் பார்க்காதீர்கள், என்ஜினைப் பாருங்கள்

"பென்ஸ் நல்லதா, ஆடி நல்லதா" என்று கேட்பதில் பிரயோஜனமே இல்லை. ஒரே பேட்ஜில் தலைவலி இல்லாத என்ஜினும் உண்டு, குடும்பத்தையே கடனில் தள்ளும் என்ஜினும் உண்டு.

பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் என்ஜின் பழைய 320டி, 520டி, முதல் தலைமுறை எக்ஸ்1 ஆகியவற்றில் வந்தது. பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட்டும் அதன் டைமிங் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் நீண்டுவிட்டால் அல்லது அதைத் தாங்கும் கைடு தேய்ந்தால் அதைத் தொட என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கித்தான் ஆக வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி பெரிது. செயின் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி என்ஜினே போய்விடும். 2007 முதல் 2011 வரையிலான வண்டிகளில் இந்தப் புகார் அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்து 1500 ஆர்.பி.எம். பக்கம் பிடித்துக் கேளுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து சங்கிலி உரசும் 'கரகர' சத்தம் வந்தால் விலை பேச வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள். பின்னால் வந்த பி47 இதைவிடத் தெம்பானது. ஆனால் இரண்டு என்ஜினுக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் (என்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கசிவுக்காக 2018-இல் பி.எம்.டபிள்யூ உலகளவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸில் கேட்கலாம். கோளாறுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட டகாடா கம்பெனி ஏர்பேக் மாற்றியாகிவிட்டதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஆடியின் பழைய 1.8, 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. (டர்போ) பெட்ரோல் என்ஜின்கள், அதாவது 2008-11 வாக்கில் வந்த ஏ4 போன்றவை, பிஸ்டன் ரிங் கோளாறால் ஆயில் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் போகிறது என்றால் ரிங், பிஸ்டன் வேலைதான். ஆயில் ஊற்றி ஊற்றியே ஓட்டிவிடலாம் என்பவர்கள் உண்டு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொள்ளும்போது கணக்கு மாறிவிடும். ஆடி ஏ3 பெட்ரோலில் வரும் 7 கியர் டிரை கிளட்ச் (ஆயிலில் நனையாத கிளட்ச்) பெட்டியில், கியர் மாற்றத்தை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் பலவீனம். உள்ளே ஆயில் அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் பாகத்தின் உறையில் விரிசல் விட்டு அழுத்தம் இறங்கிப்போகும். டேஷ்போர்டில் கியர் எழுத்துகள் மினுக்கும், வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். கோரிப்பாளையம் சிக்னலில் உருட்டி உருட்டி நிற்கும் ஓட்டம்தான் இந்த டிரை கிளட்சுக்கு மிக மோசம்.

பென்ஸின் ஓ.எம்.651 நான்கு சிலிண்டர் டீசல் மொத்தத்தில் உழைக்கும் என்ஜின். முதல் வருட வண்டிகளில் வந்த பீசோ இன்ஜெக்டர்கள் மட்டும் தொல்லை. பின்னாளில் கம்பெனியே வேறு வகைக்கு மாறியது. லேண்ட் ரோவர், ஜாகுவார் விஷயத்தில் எங்கள் கருத்து கறாரானது: 3.0 வி6 டீசலில் கிராங்க் பேரிங் போவதும், 2015-க்குப் பின் வந்த 2.0 இன்ஜீனியம் டீசலில் செயின் நீள்வதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள். வாரண்டி நீட்டிப்பு கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சூடான என்ஜினைப் பார்த்து ஏமாறுவது

விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார். ஏ.சி. ஜில்லென்று இருக்கும், என்ஜின் பூனை மாதிரி ஓடும். செயின் சத்தம், இன்ஜெக்டர் தட்டல், முதல் புகை எல்லாம் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் தெரியும். காலை ஏழு மணிக்கு, ராத்திரி முழுக்க நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்று பார்க்க வேண்டாம்.

ஏர் சஸ்பென்ஷன் இருக்கும் வண்டிக்கும் அதே காலை வேளைதான் சரி. எஸ் கிளாஸ், ஜி.எல்., ரேஞ்ச் ரோவர் போன்றவற்றில் ராத்திரியில் ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சக்கரத்தின் காற்றுப்பை கசிகிறது. நம்மூர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். அதை மாற்றாமல் ஓட்டினால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு செலவு இரண்டாகிறது.

பிறகு ஓட்டம். மாசி வீதியைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தால் ஒன்றும் தெரியாது. நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் சீரான வேகம், திரும்பி வரும்போது நெரிசல், இரண்டும் வேண்டும். மேடு இறக்கம் பார்க்க முடிந்தால் திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கு ஏற்றுங்கள். பதினெட்டு கொண்டை ஊசி வளைவில் கூலன்ட் சூடு, கியர் குலுக்கல், பிரேக் நடுக்கம் மூன்றும் வெளியே வந்துவிடும். வேகத்தடைகளை மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்றால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கிறது. பெயின்ட் அடிக்காத கிராமத்து வேகத்தடைகள் இவற்றைத் தின்றுவிடும். சம்ப்பின் (என்ஜின் ஆயில் தொட்டியின்) அடியில் கீறல், வெல்டிங் இருக்கிறதா என்று ஹாய்ஸ்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறிகளை (கோட்) படிக்கும் ஸ்கேனர் போடாமல் வாங்குவது தவறுதான். ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனரை மட்டும் போட்டுவிட்டு "கோட் எதுவும் இல்லை" என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு. அது பெரும்பாலும் என்ஜினை மட்டும்தான் படிக்கும். அந்த பிராண்டுக்கு உரிய ஸ்கேனர் இருக்கும் பட்டறையில் எல்லா மாட்யூலையும், அதாவது வண்டியில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும், படிக்கச் சொல்லுங்கள். கேட்டு வாங்க வேண்டியவை: கோட் அழித்த பிறகு ஓடிய தூரம் (பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்று காட்டினால், நேற்றுதான் அழித்திருக்கிறார்கள்), ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவு, டி.பி.எஃப்.-இல் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டரில்) சேர்ந்திருக்கும் கரி, கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு, மற்ற மாட்யூல்களில் பதிவான கிலோமீட்டர். மீட்டரைத் திருத்துகிறவர்கள் எல்லா மாட்யூலையும் திருத்துவதில்லை. மீட்டர் 62,000 காட்டும்போது கியர்பாக்ஸ் மாட்யூலில் 1,31,000 என்று ஒரு பழைய கோட் பதிவாகியிருந்தால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

தண்ணீரில் நின்ற வண்டியையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை 2015, கேரளா 2018, 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடி-திருநெல்வேலியும் என்று வெள்ளம் பார்த்த வண்டிகள் ஊர் மாறித்தான் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். டிக்கி தரையைத் தூக்குங்கள். இந்தக் கார்களில் பேட்டரியும் பல கண்ட்ரோல் மாட்யூல்களும் டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோதான் இருக்கின்றன. கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் இன்றைக்கு ஓடும் வண்டி ஆறு மாதத்தில் ஒவ்வொரு விளக்காக எரியவைக்கும்.

டெல்லி வண்டி, பாண்டி வண்டி

டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் மீது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அந்த பயத்தில்தான் எட்டு, ஒன்பது வருட டீசல் சொகுசுக் கார்கள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின (2025-இல் உச்ச நீதிமன்றமே அந்தப் பிடியைத் தளர்த்தியது). வண்டி நன்றாகவே இருக்கலாம், கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அதற்குப் படிவம் 28-இல் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதோடு இங்கே ஆயுள் வரி. இந்த வரி நீங்கள் கொடுத்த பத்து லட்சத்துக்கு இல்லை. வண்டி புதிதாக விற்ற விலையிலிருந்து, வயதுக்கேற்ற விகிதத்தில். புது வண்டிக்கே 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம் என்று 2023 நவம்பரில் உயர்த்தியிருக்கிறார்கள். விலை பேசும் முன் டி.என். 58-ஓ 59-ஓ 64-ஓ, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரித் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாண்டிச்சேரி எண் வண்டிகளுக்கும் இதே கதைதான். பி.ஒய். எண்ணோடு மதுரையிலேயே வருடக்கணக்கில் ஓடிய வண்டி என்றால், கட்டாத வரி உங்கள் தலையில் விழும். கடன் பதிவு இருந்தால் அதை நீக்குவதற்கான படிவம் 35-உம் வங்கியின் சான்றும் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்தை மட்டும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது இங்கே பலருக்கும் பழக்கம். சொகுசுக் காரில் அதைச் செய்தால் விபத்து நாளில் உங்கள் வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

அந்த பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பெரும்பாலும் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் பாலிசி) கிடைப்பதில்லை. அது இல்லாமல் க்ளெய்ம் போனால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். எல்.இ.டி. ஹெட்லைட் பிளாஸ்டிக் கணக்கில்தான் வரும். லட்ச ரூபாய் ஹெட்லைட் என்றால் பாதி உங்களுடையது.

வாங்கிய பிறகு நம்மூரில் நடக்கும் தப்பு வைத்தியம்

முதலில் கூலன்ட். சூடு ஏறியது என்று பங்க் ஓரத்தில் போர் தண்ணீரை ஊற்றுவது. மதுரை போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காரை பிடித்துவிடும். கம்பெனி சொன்ன வகைக் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. நிறம் ஒன்றாக இருக்கிறது என்று இரண்டு வகையைக் கலக்காதீர்கள். இந்த ஜெர்மன் கார்களில் எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் உறை எல்லாம் பிளாஸ்டிக். ஏழெட்டு வருடத்தில் மொறமொறத்துப் போகும். அக்னி நட்சத்திரத்தில் உடைந்து, சூட்டில் ஹெட் (என்ஜினின் மேல்பகுதி) வளைந்த பிறகு பார்ப்பதைவிட முன்கூட்டியே மாற்றுவது மலிவு.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்கப் போதும் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. பெட்டியைத் தயாரிக்கும் செட்.எஃப். கம்பெனியோ தன் 8 கியர் பெட்டிக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செட்.எஃப். சொல்வதைக் கேளுங்கள். அதில் ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு சேர்ந்தே வரும், பேன் மொத்தமாக மாற்ற வேண்டும். லெவலை என்ஜின் ஓடும்போது, ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே சரிபார்க்க வேண்டும். "பழைய ஆயில் எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்றினேன்" என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

என்ஜின் ஆயிலில் 5டபிள்யூ-30 என்ற எண் மட்டும் போதாது. டீசல் பி.எம்.டபிள்யூவுக்கு எல்.எல்.-04, பென்ஸுக்கு 229.51 அல்லது 229.52, ஆடிக்கு 507.00 என்று கார் கம்பெனியின் தர எண் டப்பாவின் பின்புறம் அச்சிட்டிருக்க வேண்டும். வேறு ஆயிலின் சாம்பல் டி.பி.எஃப்.-ஐ அடைக்கும். கம்பெனி என்ன இடைவெளி சொன்னாலும் நம் வெயிலுக்கும் தூசிக்கும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம்.

டி.பி.எஃப். அடைப்புக்கு இன்னொரு காரணம் ஓட்டம். வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று நான்கு கிலோமீட்டர் ஓட்டினால் புகைக்குழாய் 600 டிகிரியைத் தொடாது, கரி எரியாது. எரிக்க முயன்று பாதியில் நிற்கும்போது டீசல் ஆயிலில் கலந்து ஆயில் லெவல் ஏறும். ஆயில் குறைந்தால் பதறுகிறோம், ஏறினால் சந்தோஷப்படுகிறோம். டீசலில் ஏறுவதும் ஆபத்துதான். வாரம் ஒருமுறை கப்பலூர் தாண்டி விருதுநகர் பக்கம் நான்கு வழிச்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். டி.பி.எஃப்.-ஐ வெட்டி எடுத்துவிட்டு சாஃப்ட்வேர் மாற்றித் தருகிறேன் என்பார்கள். அது சட்டவிரோதம், மறுபடி விற்கும்போதும் மாட்டிக்கொள்ளும். உங்கள் ஓட்டம் முழுக்க ஊருக்குள்தான் என்றால் டீசலே வேண்டாம்.

ஏ.ஜி.எம். வகை பேட்டரியோடு வந்த வண்டிக்கு அதே வகைதான் போட வேண்டும். பி.எம்.டபிள்யூ போன்றவற்றில் புது பேட்டரியை ஸ்கேனரில் பதிவும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றதைப் போலவே சார்ஜ் ஏற்றி, புதியதையும் சீக்கிரம் கொன்றுவிடும்.

உங்கள் பிராண்டுக்கு மதுரையில் சர்வீஸ் இல்லையென்றால் வண்டி திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டியிருக்கும். நின்றுபோன குவாட்ரோ, எக்ஸ்டிரைவ், 4மேட்டிக் வண்டியை, அதாவது நான்கு சக்கரமும் என்ஜினால் சுழலும் வண்டியை, முன் சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போனால் முன்னும் பின்னும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும். இன்ஷூரன்ஸ் உதவிக்குப் போன் செய்யும்போதே காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ஃப்ளாட்பெட் வண்டிதான் வேண்டும் என்று சொல்லுங்கள். கயிறு மாட்டும் கொக்கி டிக்கியில் இருக்கிறதா என்று வாங்கும் அன்றே பாருங்கள். கைமாறிய வண்டிகளில் பலவற்றில் அது இருக்காது.