5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலை வகுப்பறையில் காட்டும் முறை

சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் மிகப் பெருமளவு கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்தது. பூமியின் சராசரி வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. ஆழ்கடலின் அடியில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர் வகைகளில் 30 முதல் 50 விழுக்காடு அழிந்தன. பேலியோசீன்–ஈயோசீன் வெப்ப உச்சம் எனப்படும் இந்நிகழ்வை, குமரி மாவட்டத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வெற்றிலைச் சுண்ணாம்பு, பெட்டிக்கடைச் சோடா, செம்பருத்திப் பூ, சிப்பி ஓடு ஆகியவற்றைக் கொண்டே விளக்கிக் காட்டலாம்.

முதல் நாள் மாலையில் ஒரு கரண்டிச் சுண்ணாம்பை ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி மூடி வையுங்கள். மறுநாள் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் கலங்காமல் வடித்து, அதில் பாதி அளவு நல்ல தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் எரியும் நீராதலால் இதை ஆசிரியரே கையாள்வது நல்லது. கண்ணாடித் தம்ளரில் இருக்கும் இந்த நீரில், இனிப்பில்லாத சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் பால்போல் வெளுக்கும். சோடாவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகிறது. சிப்பி ஓடும் அதே பொருள்தான். நிறுத்தாமல் மேலும் சோடாவை ஊற்றிக்கொண்டே போனால், வெளுத்த நீர் மறுபடியும் தெளியத் தொடங்கும். மிகுதியான கார்பன் டை ஆக்சைடு அந்தக் கார்பனேட்டைக் கரைத்துவிடுகிறது. மாணவர்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாம் மாற்றத்தையே. வெளுப்பதைக் கண்டதும் சோதனை முடிந்ததென்று பலர் நிறுத்திவிடுவார்கள்.

தெற்கு அட்லாண்டிக்கில் வால்விஸ் மேட்டில், 2003ஆம் ஆண்டு கடலடியைத் துளைத்து எடுத்த படிவத் தூண்களில் இதே கதை பதிவாகியிருக்கிறது. நுண்ணுயிர் ஓடுகள் படிந்து உருவான வெண்படிவம் திடீரென்று நின்று, ஓடுகளே அற்ற செங்களிமண் பட்டை ஒன்று வந்து, அதன் மேல் வெண்மை மெல்ல மெல்லத் திரும்புகிறது. துளையிட்ட இடம் ஆழமாக ஆக, அந்தக் களிமண் பட்டையும் மேலும் தடிப்பாக இருந்தது. ஓடுகள் கரைந்துபோகும் ஆழ எல்லை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்து வந்ததை ஆய்வாளர்கள் இதிலிருந்தே கணித்தார்கள்.

அடுத்த சோதனைக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். குளச்சல், கடியபட்டணம் போன்ற கரையூர்களில் சமைத்துத் தின்றபின் எறியப்படும் சிப்பி ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, கருந்தோலைச் சுரண்டிவிட்டு, மாவாக இடித்துக்கொள்ளுங்கள். (கரை மணலை அள்ளி வந்து பயன்படுத்த வேண்டாம், மணவாளக்குறிச்சிக் கருமணல் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களால் ஆனது, அமிலத்தில் நுரைக்காது.) செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாற்றை இரண்டு தம்ளர்களில் சம அளவு எடுத்து, இரண்டிலும் ஒரு கரண்டி ஓட்டுமாவைப் போடுங்கள். முதல் தம்ளரில் ஒரு கரண்டி வினிகரைச் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு முறையும் கலக்கி, நிறம் தணியும்வரை காத்திருந்து விடுங்கள். இரண்டாவதில் அதே அளவு வினிகரை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். முதலாவதில் அமிலத்தைக் காட்டும் சிவப்பு தோன்றித் தோன்றி மறையும், இரண்டாவதில் அது நெடுநேரம் நிற்கும். மறுநாள் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்கும் என்பதையும் கட்டாயம் காட்டுங்கள். சேர்ந்த அளவு ஒன்றே, முடிவும் ஒன்றே. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் அந்த நீரில் வாழ நேரும் உயிருக்கு இரண்டு தம்ளரும் ஒன்றல்ல.

பழைய நிகழ்வில் வெளியான கார்பன் 3 லட்சம் கோடி டன் முதல் 10 லட்சம் கோடி டன்னுக்கும் மேல் என்று பலவாறாக மதிப்பிடப்படுகிறது. வட அட்லாண்டிக் எரிமலைகளும் கடலடி மீத்தேனும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மொத்தத்தைவிட வேகத்தையே நான் வலியுறுத்துவேன். அப்போது ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் அளவில் வெளியானது என்பது ஒரு மதிப்பீடு. இன்று நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன் வெளியாகிறது.

ஓர் எச்சரிக்கை. கடல் வினிகராக மாறிவிடும் என்று எந்த மாணவரும் எண்ணிவிடக் கூடாது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். மதிப்பு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) இன்று 8.1க்கு அருகில் உள்ளது. அது இன்னும் காரத்தன்மைதான். ஆயினும் இந்த அளவுகோல் மடக்கை முறையில் அமைந்ததால், 0.1 குறைந்தாலே ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகின்றன.

இந்தச் செங்களிமண் படிவத்தை நம் மாவட்டப் பாறைகளில் பார்க்க முடியுமா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். முடியாது, இங்குள்ள பாறைகள் பெரும்பாலும் அதைவிடப் பலமடங்கு பழையவை. ஆனால் மருந்துவாழ்மலையைச் சுட்டிக்காட்ட ஒரு காரணம் உண்டு. அதைப் போன்ற சிலிக்கேட் பாறைகளை மழைநீர் அரிக்கும்போது காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்து, ஆறுகள் வழியே கடலுக்குச் சென்று, இறுதியில் ஓடுகளாகப் படிகிறது. அன்று கடல் மீண்டதற்கு இந்த வழி முக்கியக் காரணமாக இருந்தது. அதற்கு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது.