டெட்ரிஸ் ஆடும்போது எங்கே தப்பு நடக்கிறது?

"கட்டை ரொம்ப வேகமா விழுது, சமாளிக்க முடியல" என்பதுதான் டெட்ரிஸில் தோற்கும் பெரும்பாலோர் சொல்லும் காரணம். ஆனால் வேகம் கடைசியில்தான் வருகிறது. அதற்கு வெகு முன்பே, கட்டைகள் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்திலேயே அடுக்கில் ஓட்டைகள் விழுந்திருக்கும். ஒரு கட்டையை ஓரத்துக்குக் கொண்டுபோக விரல் நாலைந்து தடவை தட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்தாலே அதே வேகம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

முதலில் கீபோர்டைப் பார்ப்போம். மேல் அம்புக்குறியை மட்டும் வைத்துச் சுழற்றுவதுதான் மிகப் பரவலான பழக்கம். கையடக்க பிரிக் கேமில் சுழற்ற ஒரே பட்டன்தான் இருந்தது, அந்தப் பழக்கம் கணினிக்கும் வந்துவிடுகிறது. டி, ஜே, எல் வடிவக் கட்டைகளுக்கு நான்கு நிலைகள் உண்டு. ஒரே பக்கம் சுழற்றினால் சில நேரம் மூன்று முறை அழுத்த வேண்டிவரும். இரண்டு பக்கமும் சுழற்றத் தெரிந்தால் இரண்டுக்கு மேல் தேவையே இல்லை. இடது கை இசட், எக்ஸ் விசைகளில், வலது கை அம்புக்குறிகளில், கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் எரிச்சலாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

கட்டையை ஒதுக்கிவைக்கும் ஹோல்டு வசதியைப் பல ஆட்டங்கள் ஷிப்ட் விசையில் வைத்திருக்கின்றன. விண்டோஸில் ஷிப்டை ஐந்து முறை அடுத்தடுத்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வந்து நிற்கும், ஆட்டம் அங்கேயே போய்விடும். ஹோல்டை சி விசைக்கு மாற்றுங்கள், அல்லது அந்த வசதியை விண்டோஸில் அணைத்துவிடுங்கள். பிரவுசரில் ஆடுபவர்கள் கன்ட்ரோல் விசையை ஆட்டத்துக்கு வைக்கவே கூடாது. அதோடு டபிள்யூ சேர்ந்து அழுந்தினால் டேப்பே மூடிவிடும். அப்புறம், விலை குறைந்த கீபோர்டுகளில் மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் மூன்றாவது பதிவாகாமல் போவது உண்டு. இடது அம்பு, கீழ் அம்பு இரண்டையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள். கட்டை விழவில்லை என்றால் குற்றம் உங்கள் விரலில் இல்லை, விசைகளை வேறு இடத்துக்கு மாற்றினால் போதும்.

அடுத்தது பெரும்பாலோர் திறந்தே பார்க்காத செட்டிங்: டிஏஎஸ், ஏஆர்ஆர். அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் கட்டை ஒரு கட்டம் நகரும், கொஞ்சம் நிற்கும், பிறகு வரிசையாக ஓடும். அந்த நிற்கும் நேரம் டிஏஎஸ். ஓடத் தொடங்கிய பின் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏஆர்ஆர். டிவியில் இணைத்து ஆடும் நிண்டெண்டோ என்இஎஸ் கருவிக்கு 1989-ல் வந்த பதிப்பில் நிற்கும் நேரம் 16 ஃபிரேம், இடைவெளி 6 ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் என்று கணக்கிட்டால் கால் நொடிக்கு மேல் நின்றுவிட்டு, நொடிக்குப் பத்துக் கட்டம்தான் ஓடும். அதனால்தான் அந்தப் பதிப்பின் பெரிய ஆட்டக்காரர்கள் விசையைப் பிடிப்பதை விட்டுவிட்டு அதிவேகமாகத் தட்டும் முறைகளுக்குப் போனார்கள். டெட்ர் ஐஓ, ஜேஸ்டிரிஸ் போன்ற இன்றைய ஆட்டங்களில் இந்த எண்களை நாமே மாற்றலாம்.

இங்கே இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. ஒன்று, எதையும் தொடாமல் விட்டுவிடுவது. இன்னொன்று, யாரோ ஒரு கில்லாடியின் எண்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வது. ஏஆர்ஆர் பூஜ்யம் என்றால் கட்டை நகர்வதே தெரியாது, நேராகச் சுவரில் போய் ஒட்டும். டிஏஎஸ் மிகக் குறைவாக இருந்தால் ஒரு தட்டு தட்ட நினைத்தாலும் கட்டை ஓரத்துக்கு ஓடிவிடும். டிஏஎஸ் 160 மில்லி செகண்ட் அளவில் தொடங்கி, பத்துப் பத்தாகக் குறைத்து வாருங்கள். ஒற்றைத் தட்டு பிசகத் தொடங்கும் இடத்தில் ஒரு படி மேலே ஏற்றி நிறுத்திவிடுங்கள். அதன்பின் அதைத் தொடாதீர்கள். தோற்கும்போதெல்லாம் எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தால் விரல் எதற்கும் பழகாது.

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில், ஓடும் சில சின்ன ஆட்டங்கள் கணினியின் கீபோர்டு ரிப்பீட் வேகத்தையே நம்பியிருக்கும், அங்கே மாற்ற வேண்டியது கணினியின் செட்டிங்கை. லினக்ஸில் கிடைக்கும் குவாட்ரபாசல் என்ற டெட்ரிஸ் வகை ஆட்டத்தில் கடினமான கட்டைகளைத் தரச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது, தெரியாமல் டிக் செய்துவிட்டு "எனக்கு மட்டும் நல்ல கட்டையே வரமாட்டேங்குது" என்று வருந்த வேண்டாம். கட்டை எங்கே விழும் என்று காட்டும் நிழலை எந்த ஆட்டத்திலும் அணைக்காதீர்கள்.

சரி, அடுக்குவதற்கு வருவோம். எஸ், இசட் கட்டைகளைச் சமதளத்தில் படுக்க வைத்தாலும் நிறுத்தினாலும் அடியில் ஒரு கட்டம் காலியாக மாட்டிக்கொள்ளும். ஆகவே மேல்தளத்தை முழுச் சமமாக வைக்கப் பாடுபடுவதே ஒரு தவறு. இடமும் வலமும் ஒரு கட்டம் ஏறி இறங்கும் படிக்கட்டு ஒன்றிரண்டு எப்போதும் இருக்கட்டும், கூடவே சதுரக் கட்டைக்கு இரண்டு கட்ட அகலச் சமதளமும் வேண்டும்.

ஒரு கட்ட அகலப் பள்ளம் இரண்டு கட்ட ஆழம் இருந்தால் ஜே அல்லது எல் கொண்டு மூடிவிடலாம். மூன்று ஆழம் ஆகிவிட்டால் நீளக் குச்சி தவிர வேறு எதுவும் ஓட்டை விடாமல் நிரப்பாது. நான்கு லைனை ஒரே அடியில் அழிக்க ஓரத்தில் ஒரு பள்ளம் விடுவோம், அது வேண்டும்தான். அது போக நடுவில் இன்னொரு ஆழப் பள்ளம் உருவானால் குச்சிக்கு இரண்டு இடத்தில் தேவை வந்துவிடும். பெரும்பாலான ஆட்டங்கள் சாய்வது இந்த இடத்தில்தான்.

குச்சி எப்போது வரும் என்பது ஆடும் பதிப்பைப் பொறுத்தது. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய ஆட்டம் இன்று எத்தனையோ விதிகளோடு இருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றென்று நினைத்து ஆடக் கூடாது. இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, தீர்ந்ததும் அடுத்த பையைத் திறக்கின்றன. இதனால் ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வரும். நான்கு லைன் என்பது 40 கட்டம், அதாவது 10 கட்டை. ஏழுக்கு ஒரு குச்சி வரும்போது பத்துக்கு ஒன்றுதான் தேவைப்படுகிறது, பதற்றப்படக் காரணமே இல்லை. நிண்டெண்டோ பழைய பதிப்பில் இந்த உத்தரவாதம் கிடையாது. அங்கே அடுக்கு பாதி உயரம் தாண்டியதும் குச்சிக்காகக் காத்திராமல் ஒன்று இரண்டு லைனாக எரித்துக் கீழே இறக்கிவிட வேண்டும். ஒற்றை லைனுக்கு 40, நான்குக்கு 1200 என்ற அதன் புள்ளிக் கணக்கு ஆசை காட்டும். ஆனால் உச்சியைத் தொட்டால் எல்லாமே போய்விடும்.

ஓட்டை விழுந்துவிட்டால் அதன் மேலேயே மறுபடி அடுக்காதீர்கள். எந்த வரிசை அதை மூடியிருக்கிறதோ அந்த வரிசையை முதலில் அழியுங்கள். மேலே ஒரு வரிசைதான் இருக்கும்போது செய்தால் ஒரு லைனில் முடியும் வேலை, நாலு வரிசை ஏறியபின் ஆட்டத்தையே கேட்கும்.

பயிற்சிக்கு 40 லைன் ஓட்டத்தை, அதாவது 40 லைனை எவ்வளவு சீக்கிரம் அழிக்கிறோம் என்று பார்க்கும் ஆட்டத்தை, எடுங்கள். கட்டைகள் சுமார் 100தான், சீக்கிரம் முடிந்துவிடும். முடிவில் வரும் கணக்கில் நேரத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, எத்தனை விசை கூடுதலாக அழுத்தினீர்கள் என்பதைப் பாருங்கள். சரியான பக்கம் சுழற்றி, ஓரத்துக்குப் பிடித்து ஓட்டி, தேவையானால் ஒரு தட்டு பின்வாங்கினால் எந்தக் கட்டைக்கும் பக்கவாட்டில் இரண்டு அழுத்தலுக்கு மேல் வேண்டியதில்லை. எந்தக் கட்டையில் அதிகம் பிசகுகிறதோ அதை மட்டும் எடுத்து, மெதுவாக, ஒவ்வொரு நெடுவரிசையிலும் வைத்துப் பழகுங்கள்.