நெக் பிரேஸ் வாங்கப் போகிறீர்களா? உங்கள் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் நாங்கள் ஓட்டிப் பழகும் பொட்டல்காட்டுக்கு ஒரு தம்பி புது நெக் பிரேஸோடு வந்திருந்தான். மண்பாதையில் பைக் ஓட்டுபவர்கள் கழுத்தைக் காக்க ஹெல்மெட்டுக்குக் கீழே தோளில் மாட்டும் கெட்டியான வளையம் அது. எக்ஸ்பல்ஸ் பைக் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறான்.

"லார்ஜுங்ணா. என்ற சட்டை சைஸேதான்" என்றான்.

நெஞ்சுக் கவசம், பிரேஸ், ஹெல்மெட், முதுகில் தண்ணீர்ப் பை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறச் சொன்னேன். ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) எழுந்து நின்று, எதிரே இருக்கும் மண்மேட்டின் உச்சியைப் பார்க்கச் சொன்னேன். பார்க்க முடியவில்லை. ஹெல்மெட்டின் பின்விளிம்பு பிரேஸில் இடித்து நின்றுவிட்டது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது முன் சக்கரமும் அதற்கு முன்னால் பத்தடி மண்ணும்தான்.

2017இல் நான் செய்த அதே தவறு. அதற்குப் பிறகு இதே காட்சியை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பூட்ஸ் இல்லாமல் வருவது, ஹெல்மெட் பட்டையை மாட்டாமல் ஓட்டுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

## சட்டை அளவைப் பார்த்து, பிரேஸை மட்டும் தனியாக வாங்குவது

பிரேஸ் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தலை குப்புற விழும்போது தலை ஓர் இடத்தில் நின்றுவிடும், உடம்பு பின்னாலேயே வந்து அழுத்தும். நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. அதில் 7 முள்ளெலும்புகள். மேலிருந்து 3, 4, 5ஆம் எண் மட்டத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புதான் உதரவிதானத்தை இயக்குகிறது. அதற்கு மேலே தண்டுவடம் அறுந்தால் கைகாலோடு மூச்சும் நின்றுவிடும். தலை எல்லை மீறி மடங்குவதற்கு முன்பே ஹெல்மெட்டின் கீழ்விளிம்பு பிரேஸின் மேல்தட்டில் போய் உட்கார வேண்டும். அந்த விசை மார்பு, தோள், முதுகு வழியாக இறங்க வேண்டும். பிரேஸின் வேலை இவ்வளவுதான்.

அப்படியென்றால் எல்லாமே ஹெல்மெட்டுக்கும் பிரேஸுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இருக்கிறது. இடைவெளி குறைந்தால் பாதை தெரியாது. கூடினால், தலை முழுதாக மடங்கி முடிந்த பிறகுதான் ஹெல்மெட் பிரேஸைத் தொடும். இந்த இடைவெளியைத் தீர்மானிப்பது பிரேஸ் மட்டுமில்லை. ஹெல்மெட்டின் விளிம்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது, கவசத்தின் முதுகுப் பலகை எவ்வளவு தடிமன், உங்கள் கழுத்து எவ்வளவு நீளம் என்று எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

எனக்கு இது எதுவும் தெரியாது. வெளியூரில் ஒரு கடை. டி-ஷர்ட் போட்டிருந்தேன். கடையில் இருந்த ஹெல்மெட் ஒன்றை மாட்டிக் கண்ணாடி முன்னால் நேராக நின்று, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். "கச்சிதமா இருக்கு சார்" என்றார் கடைக்காரர். 31,000 ரூபாய் கொடுத்தேன். திருப்பி எடுக்கமாட்டோம் என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

அடுத்த ஞாயிறு மேட்டில் ஏறினேன். என் ஹெல்மெட்டின் பின்விளிம்பு கடை ஹெல்மெட்டைவிட ஒரு விரல்கடை கீழே. என் கவசத்தின் கெட்டியான முதுகுப் பலகை, முதுகில் இறங்கும் பிரேஸின் பின்தண்டை ஓர் அங்குலம் மேலே தூக்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேடு ஏறும்போது யாரும் கண்ணாடி முன் நிற்பதுபோல நிற்பதில்லை. இடுப்பை மடக்கி, மார்பை ஹேண்டில்பாருக்கு மேல் கொண்டுபோய் நிற்கிறோம். அந்த நிலையில் தூரத்தைப் பார்க்கக் கழுத்தைப் பின்னால் வளைத்தே ஆக வேண்டும். கடையில் பின்னால் இருந்த இடைவெளி மொத்தமும் அங்கே காலி. மேலே பார்க்க முடியாததால் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஏறினேன். நடுவில் மழைத்தண்ணீர் அறுத்த ஒரு பள்ளம் இருந்தது. பக்கவாட்டில் விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் ஆறாமல் இருக்கிறது. பிரேஸ் இடிக்கிறது என்று பின்பக்கப் பஞ்சுப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பிரேஸ் கீழே இறங்கியது, தலை தாராளமாக நிமிர்ந்தது. சரியாகிவிட்டது என்று ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள், பல வருடம் பந்தயம் ஓட்டிய ஓர் அண்ணன் என் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் கை வைத்து மெதுவாகப் பின்னால் தள்ளினார். கழுத்து போகக்கூடிய எல்லை வரை போய் வலித்தது. ஹெல்மெட் பிரேஸைத் தொடவே இல்லை. "இத்தன நாளா சும்மா சுமந்துட்டுத் திரிஞ்சிருக்கறயேப்பா" என்றார். அந்த ஒரு வருடத்தில் நான் மூன்று முறை ஹேண்டிலுக்கு மேலே பறந்து விழுந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

எனவே கடைக்குப் போகும்போது உங்கள் ஹெல்மெட், உங்கள் கவசம், தண்ணீர்ப் பை மூன்றையும் கொண்டுபோங்கள். மார்புச் சுற்றளவையும் கழுத்துச் சுற்றளவையும் நாடா வைத்து அளந்து, அந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, முடிந்தால் ஒரு வண்டியில் ஏறி ஃபுட்பெக்கில் நில்லுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, ஹேண்டிலைப் பிடித்திருப்பதுபோல் கைகளை விரித்து நின்றாலே போதும். அந்த நிலையில் இருபது முப்பதடி தள்ளித் தரையும், அதற்கு அப்பால் மேட்டின் உச்சியும் தெரிய வேண்டும். தோளைத் திருப்பாமல் இரண்டு பக்கமும் பார்க்க முடிய வேண்டும். பிறகு ஒருவரை விட்டு உங்கள் தலையை மெதுவாக முன்னால், பின்னால், பக்கவாட்டில் சாய்க்கச் சொல்லுங்கள். கழுத்து வலிக்கத் தொடங்குவதற்கு முன் ஹெல்மெட் பிரேஸில் உட்கார வேண்டும். இரண்டு சோதனையிலும் தேறினால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.

அந்தத் தம்பியின் பிரேஸைக் காப்பாற்ற முடிந்தது. அவன் வாங்கிய மாடலில் பின்தண்டின் கோணத்தை மாற்றலாம். கவசத்தையும் பிரேஸுக்கு இடம்விட்டு வெட்டிய வேறொன்றாக மாற்றிக்கொண்டான். எனக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

## நுரை வளையத்தை பிரேஸ் என்று நம்புவது

ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் வட்ட நுரை, கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தயக் கார் ஓட்டுபவர்களின் கழுத்துக் களைப்பைக் குறைக்க வந்தது. அழுத்தினால் அமுங்கும் பொருளால் விசையைத் தோளுக்குக் கடத்த முடியாது. மெடிக்கலில் விற்கும் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு வந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அது அடிபட்ட பிறகு மருத்துவர் சொல்லிப் போடுவது. தயவுசெய்து அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

கார் பந்தயத்தில் கழுத்தைக் காக்கப் போடும் ஹான்ஸ் கருவியும் நமக்கு ஆகாது. அது சீட் பெல்ட்டை நம்பி வேலை செய்வது.

## தாடை மூடாத ஹெல்மெட்டோடு போடுவது

போடாதீர்கள். முன்பக்கம் பிரேஸில் வந்து உட்கார அங்கே எதுவுமே இல்லை.

## "சிஇ லெவல் 2 பிரேஸ்" என்றதும் தலையாட்டுவது

லெவல் 1, லெவல் 2 என்பதெல்லாம் முதுகு, மார்பு, முட்டிக் கவசங்களுக்கான இஎன் 1621 என்ற ஐரோப்பியத் தரவரிசையில் வரும் பேச்சு. பிரேஸிலும் சிஇ என்ற ஐரோப்பிய முத்திரை இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் பிரேஸை லெவல் சொல்லி விற்பவருக்குத் தான் விற்கும் பொருளைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம். அவர் சொல்லும் சைஸையும் நம்பாதீர்கள்.

## மார்புப் பட்டையைக் கட்டாமல் விடுவது

கசகசக்கிறது என்று பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். பட்டை இல்லாவிட்டால், முதல் குட்டிக்கரணத்திலேயே பிரேஸ் இடம் மாறிவிடும். தலை வந்து மோதும் நேரத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. சித்திரை வெயிலில் கோவைப் பக்கம் ஓட்டுகிறவன்தான் நானும். கட்டுங்கள்.

## ஏர்பேக் உடுப்புக்கு மேல் பிரேஸை மாட்டுவது

2021இலிருந்து டக்கார் பாலைவனப் பந்தயத்தில் பைக் ஓட்டுபவர்களுக்கு ஏர்பேக் கட்டாயம். அதைப் பார்த்து நம் ஊரிலும் ஆசை வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் காற்று நிரம்பும் பைக்கு உப்ப இடம் வேண்டும். கழுத்தைச் சுற்றி உப்பும் வகை என்றால், அந்த இடத்தில் ஏற்கெனவே பிரேஸ் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போடலாம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லாதவரை ஏதாவது ஒன்று போதும்.

## "காலர் எலும்பு உடைஞ்சிரும்" என்ற பேச்சைக் கேட்டுக் கைவிடுவது

இந்தக் கவலையை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். முன்னணி சூப்பர்கிராஸ் பைக் பந்தய வீரர்களில் பலர் பிரேஸ் போடுவதில்லை. அது எல்லா விபத்திலும் காப்பாற்றும் என்றும் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் காலர் எலும்பின் மேல் அழுத்தாதபடி அந்த இடத்தைக் குடைந்து விட்ட வடிவங்கள் வந்து வெகுகாலம் ஆகிறது. லீயட் என்ற பெயரில் விற்கும் பிரேஸை உருவாக்கிய கிறிஸ் லீயட் தென்னாப்பிரிக்க மருத்துவர். 2001இல் சக ஓட்டுநர் ஒருவர் இறந்ததை நேரில் பார்த்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினார். தன் சிறு மகனை அப்போதுதான் வண்டி ஓட்டப் பழக்கத் தொடங்கியிருந்தார். எனக்குத் தெரிந்து காலர் எலும்பு உடைந்த ஏழெட்டுப் பேர் இன்றும் வண்டி ஓட்டுகிறார்கள். கழுத்தில் தண்டுவடம் போன ஒரு நண்பனைப் பார்க்க நான் மாதம் ஒருமுறை அவன் வீட்டுக்குப் போகிறேன். என் கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது.

## பிள்ளைக்கு "வளர்ற பையன்தானே" என்று பெரிய சைஸ் எடுப்பது

பள்ளிச் சீருடைக்குச் சரி. இதற்கு வேண்டாம்.

## விழுந்த வரலாறு தெரியாத பழைய பிரேஸை வாங்குவது

வேண்டாம்.

## கூட வருபவர்களுக்குக் கழற்றத் தெரியாமல் இருப்பது

நம் ஊரில் 108 வண்டியில் வருபவர்கள் பிரேஸைப் பார்த்தே இருக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் தயாராக வேண்டும். கிளம்பும் முன் கூட வருபவரை அழைத்து, பூட்டு எங்கே இருக்கிறது, எப்படித் திறக்கும் என்று அவர் கையாலேயே செய்ய வையுங்கள். பல பிரேஸ்கள் இரண்டு பக்கமும் திறந்து, முன்பாதி தனி, பின்பாதி தனி என்று பிரியும். விழுந்தவர் நன்றாக மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டையும் பிரேஸையும் தொடாமல், தலையை ஆட்டவிடாமல் பிடித்துக்கொண்டு உதவிக்குக் காத்திருங்கள். மூச்சு சரியாக இல்லையென்றால் அதுதான் முதல் கவலை. ஒருவர் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் பூட்டைத் திறந்து முன்பாதியை எடுக்க வேண்டும். பிறகு, கழுத்து மடங்காமல் தாங்கிப் பிடித்தபடி இரண்டு பேராகச் சேர்ந்து ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும்.

அன்றைக்கு அந்தத் தம்பியையும் அவனோடு வந்த நண்பனையும் தென்னை நிழலில் மாறி மாறிப் படுக்க வைத்து இதைப் பழக்கினேன். முதல் தடவை பூட்டைத் தேடவே ஒரு நிமிடம் ஆனது. ஆறாவது தடவை கண்ணை மூடிக்கொண்டே திறந்தான்.