மெய்டன் காசிலுக்குள் எதிரியைப்போல நுழையுங்கள்

இங்கிலாந்தின் டோர்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மெய்டன் காசில் குன்றுக்கு முதல் தடவை போனபோது, மதில் எங்கே என்று தேடிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். கல் மதிலெல்லாம் இல்லை. குன்றைச் சுற்றி அகழி வெட்டி, அந்த மண்ணையும் சுண்ணாம்புப் பாறையையும் குவித்துக் கரை எழுப்பியிருக்கிறார்கள். அப்படியே அடுக்கடுக்காக. கி.மு. 600 வாக்கில் கிழக்குப் பக்கம் சிறியதாகத் தொடங்கி, பிறகு 47 ஏக்கருக்கு விரிந்த கோட்டை இது.

காலையிலோ வெயில் சாய்ந்த பிறகோ போங்கள். உச்சிவெயிலில் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். நிழல் விழுந்தால்தான் பள்ளமும் மேடும் பிரிந்து தெரியும்.

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஏறும் பாதை மேற்கு வாசலுக்குப் போகிறது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. வழி நேராகப் போகாது. கரைகளுக்கு நடுவே வளைத்து வளைத்து இழுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே ஒருவன் கவணோடு நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஒதுங்க இடமே இல்லை. கிழக்கு வாசல் பக்கம் அகழாய்வில் 20,000-க்கும் மேற்பட்ட கவண்கற்கள் கிடைத்தன. செசில் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த கூழாங்கற்கள்.

குறுக்கே கரையேறாதீர்கள். மழை பெய்த மறுநாள் நான் ஏறி, சறுக்கி, அகழியில் உட்கார்ந்தேன். பேன்ட் போனது போகட்டும், என் செருப்புக் குதிகால் இழுத்த இடத்தில் புல் உரிந்து வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. அப்படி உரிந்த இடத்தைத்தான் அடுத்த மழை அரிக்கும்.

உள்ளே 4-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கோயிலின் அடித்தளம் இருக்கிறது, ஒரு நடை பார்த்துவிடுங்கள். கிழக்கு வாசலில் 1930-களில் மார்டிமர் வீலர் என்ற தொல்லியலாளர் எலும்புக்கூடுகளைத் தோண்டியெடுத்து, ரோமானியப் படை நடத்திய படுகொலை என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. எனக்கும் அந்தக் கதை கொஞ்சம் அதிகம் என்றுதான் படுகிறது.

அப்புறம், இது 1979-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோனால் குற்றம். ஒருமுறை முயல் வளை வாயில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புச் சட்டித்துண்டு கிடந்தது. குனிந்து பார்த்தேன். கை பரபரத்தது, ஆனாலும் எடுக்கவில்லை.

தண்ணீர் கையோடு இருக்கட்டும். மேலே காற்று பலமாக அடிக்கும். தொப்பியைக் காரிலேயே வைத்துவிடுங்கள்.