கேள்வி கேட்டால் மட்டும் கோச் ஆகிவிட முடியாது

டீம் லீட் ஆன முதல் வருடம், யார் சந்தேகம் கேட்டாலும் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வாரம் லீவில் ஊருக்குப் போனேன். போன் ஓயவே இல்லை. அப்போதுதான் உறைத்தது: நான் யாருக்கும் வேலை கற்றுத்தரவில்லை, என்னிடம் கேட்கத்தான் பழக்கியிருக்கிறேன்.

உளவியலாளர் டேனியல் கோல்மேன் 2000-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ என்ற மேலாண்மை இதழில் ஆறு வகைத் தலைமைப் பாணிகளைப் பற்றி எழுதினார். அவற்றில் கோச்சிங் பாணிதான், அதாவது ஆளை வளர்த்துவிடும் பாணிதான், மிகக் குறைவாகப் பயன்படுகிறது என்றார். பலரும் சொன்ன காரணம், நேரமில்லை என்பது. நானும் அதையே சொன்னவன்தான். ஆனால் நேரம் ஒதுக்கிய பிறகும் தவறுகள் நின்றுவிடவில்லை.

முதல் தவறு, போலிக் கேள்வி. "இதை இப்படி மாத்தினா சரியா வராதா?" என்று கேட்பது கேள்வியே இல்லை, உத்தரவின் கடைசியில் கேள்விக்குறி போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். எதிரே இருப்பவர் "சரிங்க" என்று எழுந்து போய்விடுவார். "இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பார்த்தீங்க? எங்கே மாட்டுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டமே இந்த வாயை மூடுவதில்தான். பதில் நமக்குத் தெரியும்போது பத்து நொடி மௌனம் பத்து நிமிடமாகத் தெரியும். அதைத் தாண்டினால், நாம் நினைக்காத வழி ஒன்றை அவரே சொல்வதும் உண்டு.

கோச்சிங் வகுப்புக்குப் போய் வந்த உற்சாகத்தில் இதற்கு நேரெதிராகவும் தவறுவோம். சேர்ந்து மூன்று நாளான பையனிடம் "நீயே யோசிச்சுப் பாரு" என்றால் அவன் எதை வைத்து யோசிப்பான்? அவனுக்குச் செய்து காட்டத்தான் வேண்டும். நடுராத்திரி சர்வர் படுத்துக்கிடக்கும்போதும் அப்படித்தான்: இதைச் செய், அதை நிறுத்து என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஏன் படுத்தது என்பதை மறுநாள் டீயோடு பேசலாம்.

குறை சொல்லும் விதமும் முக்கியம். க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல், ஒருவர் வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னால் (ஃபீட்பேக்) என்ன ஆகிறது என்ற பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் கருத்துச் சொன்னதற்குப் பிறகு வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையிலிருந்து ஆளின் மேல் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீங்க எப்பவும் அவசரப்படறீங்க" என்பதற்குப் பதில், "இந்த ரெண்டாவது பக்கத்துக் கணக்கை இன்னொரு தடவை பார்த்திருக்கலாம்" என்றால் அவர் திருத்திக்கொள்ள ஏதாவது இருக்கிறது.

பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிட்டால் கற்றல் முடிந்தது என்ற நினைப்பும் உண்டு. டொயோட்டா ஆலைகளில் கோளாறு தெரிந்தால் தொழிலாளி ஒரு கயிற்றை இழுப்பார், குழுத் தலைவர் அங்கேயே வந்து நிற்பார். வேலை நடக்கும் இடத்திலேயே பாடமும் நடக்கும். வந்து நிற்பவர் "ஏன் இழுத்தே?" என்று முறைத்தால், அடுத்த தடவை யார் இழுப்பார்கள்?

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ஒன்றில். மனம்விட்டுப் பேசிய பேச்சை அப்ரைசலில் மதிப்பெண்ணாக்குவது. "கிளையன்ட் முன்னால் பேசத் தயக்கமா இருக்கு" என்று ஒரு மேலாளரிடம் ஒருமுறை சொன்னேன். வருட இறுதிப் படிவத்தில் அதே வரி என் குறையாக வந்து உட்கார்ந்திருந்தது. அப்புறம் அவரிடம் நான் வானிலை மட்டுமே பேசினேன். இப்போது இரண்டையும் தனித்தனி நாளில் வைக்கிறேன், கோச்சிங் பேச்சில் கையில் நோட்டே எடுப்பதில்லை.

கடைசியாக, வேலையைத் திருப்பி வாங்கிக்கொள்வது. "கொடு, நானே முடிச்சிடறேன்." இதற்கு மட்டும் என்னிடம் யோசனை கேட்காதீர்கள். ரிலீஸ் நாளன்று என் கை இன்னும் அடுத்தவர் கீபோர்டுக்குத்தான் போகிறது.